சலாம் வச்சு நிமிரணும்

இல்லைங்கய்யா, உக்காந்திருக்கறப்ப வலி இல்ல. அதத்தானே சொல்ல வர்றேன். உக்காந்தா ஒண்ணும் தெரியாது. எந்திரிக்கத்தான் முடியல. இடுப்புல கப்புனு புடிச்சு, தொடைக்குப் பின்னால சுளீர்னு எறங்கி, குதிகாலு வரைக்கும் போவுது. கால ஊனுனா உள்ளுக்குள்ள எறும்பு ஊறுது. முதுகு நிமிரவே நேரமாவுது. ஏ ஆமினா, அந்த மருந்துப் போத்தலத் தொடாத, டிரெசரய்யா ஊசி போட்டுருவாரு.

எந்தக் காலா? எடது... இல்ல, ரெண்டும்தான். ரெண்டும்னே வச்சுக்கங்க.

வயசு இருபத்தி மூணு. கெழவிக்கு வர்ற நோவு ஒனக்கு ஏன்டி வந்துச்சுன்னுதானே பாக்கறீங்க? எல்லாம் தையல் மெஷினாலங்கய்யா. பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்துல நெய்னா முகம்மது தையக்கட இருந்துச்சே, அவரு சம்சாரந்தான் நான், ஜரீனா. இலவசமாப் படம் காட்டறோம்னு கூப்புட்டு, கொட்டகைக் கதவ அடைச்சு, ஆம்பளைங்கள எல்லாம் லாரியில ஏத்துனானே ஜப்பான்காரன், சயாமுல ரயில் ரோடு போட? அதுல எங்க மச்சானும், எங்க வூட்டுக்காரருதான், போயிட்டாருன்னு தெரு முழுக்கப் பேச்சு. ஆமான்னு நானும் தலையாட்டிட்டு, மெஷின மாடிக்குத் தூக்கிட்டுப் போயி உக்காந்துட்டேன். கோணிச் சாக்கக் கிழிச்சுக் காச்சட்ட தைக்கறேன். வேற துணி எங்க இருக்கு?

சிரிக்கறேனா? அதத்தான் தெருவுலயும் கேக்கறாங்க. புருசன சயாமுக்குக் குடுத்துட்டு எப்புடிடி பல்லக் காட்டிக்கிட்டுத் திரியறேன்னு கீழ் வூட்டு சம்சுன்னிசா மூஞ்சிக்கு நேராவே கேட்டுச்சு. நான் அழுதா புள்ளையும் அழுவும், ரெண்டு பேருக்கும் மரவள்ளிக் கெழங்கு போட்டுச் சமாதானம் பண்ண நீ வர்றியான்னேன்.

அத விடுங்க. சீக்கிரம் கேக்கற மருந்தாக் குடுங்க. வெள்ளிக்கிழமை பொங்கோலுக்குப் போவணும், நடந்துதான். சின்னம்மா மவன் நூர்தீன் அங்க கடல் நடுவுல கம்பு நட்டுப் பரண் கட்டி, கேலோங் போட்டு மீன் புடிக்கறான். கேலோங் வரைக்கும் போயிட்டா அங்க ஒருத்தனும் வரமாட்டான். நடக்கறது கூடப் பெருசில்ல, மெல்ல மெல்லப் போயிரலாம். பயமெல்லாம் வழியில துப்பாக்கியோட நிக்கறானே ஜப்பான் சென்ட்ரி, அவனுக்குத்தான். முன்னால நின்னு இடுப்ப வளச்சு சலாம் வைக்கணும்ல? குனிஞ்சுரலாம். குனிஞ்சா நிமிரணுமே! அன்னிக்கு ஒரு சீனத் தாத்தா நிமிர நேரமாச்சுன்னு, திமிருன்னு நெனச்சு விட்டான் பாருங்க ஒரு அறை, தொப்பி போயி வாய்க்கால்ல விழுந்துச்சு. அறை வாங்கறது போவட்டும். ஏன் நிமிரல, எங்கேருந்து வர்ற, இத்தன நாளா எங்க இருந்தன்னு துருவ ஆரம்பிச்சான்னா அதோட முடிஞ்சுச்சு.

அடுத்த வாரமா? முடியாதுங்கய்யா. சனிக்கிழமை வூட்டு மொதலாளி கூரை ஓட்டப் பிரிச்சு மாத்த ஆள் அனுப்பறாரு. அதுக்குள்ள போயிரணும். ஓட்டுக்கும் காலு வலிக்கும் என்ன சம்மந்தமா? அது... தூசிங்கய்யா. புள்ளைக்கு ஆவாது.

யா அல்லாஹ், ஆமினா! ரோட்டுக்கு ஓடாத, சைக்கிள் வருது! இந்தா வந்துட்டேன்... நில்லுடி, நில்லு...

புடிச்சுட்டேன். ஒரு நிமிசம் கண்ண எடுக்க முடியாதுங்கய்யா இவள வச்சுக்கிட்டு. என்ன, ஏன் அப்புடிப் பாக்கறீங்க?

ஓ. எந்திரிச்சு ஓடுனேன்ல.

புள்ள ஓடறப்ப வலி எங்கய்யா தெரியும்? இல்ல, சரிதான், படிய வேற தாண்டிக் குதிச்சேன். இந்த வலி வந்து வந்து போவும். இப்பப் போயிருக்கு, அவ்வளவுதான் லா.

பெஞ்சுல மல்லாந்து கால நேராத் தூக்கணுமா? இந்தாங்க. இன்னும் மேலயா? வலிக்கல. அடுத்ததும் வலிக்கல. வலிக்கணுமா? அப்பச் சரி, வலிக்குது.

ஆமினா, சும்மா இரு. ஒண்ணுமில்லங்கய்யா, உம்மாவுக்கு இல்ல, பூனைக்குத்தான் கால் வலிங்குது. புள்ள பேச்சு. எங்க வூட்டுக் கூரைக்குக் கீழ ஒரு பூனை இருக்கு. நாந்தான் அப்புடிச் சொல்லி வச்சிருக்கேன், மேல சத்தம் கேட்டா யாரு கேட்டாலும் பூனைன்னு சொல்லணும்னு. அய்யே, என்ன ஒளர்றேன்... பூனை இருக்கு, அதச் சொன்னேன். திரும்பிப் படுக்கறப்ப மொனகும். ஒடனே நான் மெஷின மிதிச்சுருவேன், கடகடன்னு, சம்சுன்னிசா காதுக்குப் போவாம. தைக்கத் துணி இல்லாட்டியும் மிதிப்பேன்.

கதவ ஏன்யா சாத்தறீங்க?

இல்ல, சாத்துங்க. அதுவும் நல்லதுதான்.

மெதுவாச் சொல்லுங்க, மனசுல வச்சுக்கறேன். உக்காந்த எடத்துலயே கணுக்காலச் சுத்தணும். சரி. குதிகாலயும் விரலயும் மாத்தி மாத்தி மிதிச்சு விடணும். அதுக்குத் தலை நிமிர வேணாமே? ஏன்னா தலைக்கு மேல எடம் இல்ல, பலகையில குனிஞ்சேதான் உக்காரணும். மல்லாக்கப் படுத்து முழங்கால நெஞ்சுக்கு இழுக்கலாமா? அது முடியும். மடக்கறதுக்கு எடம் இருக்கு, நீட்டறதுக்குத்தான் இல்ல. எறங்குன ஒடனே நிக்கக் கூடாது. மொதல்ல முட்டி போட்டு, செவுத்தப் புடிச்சு, ஒரு கால், அப்பறம் இன்னொரு கால். வூட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி நடக்கணும். நடக்க வைக்கறேன். நடக்கறேன்.

சலாமுக்கு என்ன செய்யறது?

தொடையில கைய வச்சா? இருங்க, செஞ்சு பாக்கறேன். குனியறப்பவே ரெண்டு கையையும் தொடையோட வழுக்கி முட்டி வரைக்கும் கொண்டு போயி... நிமிரறப்ப முட்டிய அழுத்தி ஒடம்ப மேல தள்ளணும். அட! கைதான் தூக்குது, இடுப்புக்கு வேலையே இல்ல! பாக்கறதுக்கு மரியாத கூடுனாப்புல வேற இருக்கு. அவனுங்க பெரிய ஆளுக்குக் குனியறப்ப இப்புடித்தானே குனியறானுங்க! இத்தன நாளா இது தெரியாம அங்க ஒருத்தரு சாரத்தால இடுப்ப இறுக்கிக் கட்டிக்கிட்டு... சிரிப்பு வருதுல்ல? நீங்களே சிரிக்கறீங்க பாருங்க.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் போவலையா? அங்க ஊரு உலகமே காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். உங்க தம்பி சிவமணிய ஏத்துன லாரி எங்க சந்து வழியாப் போனப்ப நான் மாடி சன்னல்ல நின்னேன்யா. செருப்பு கூட இல்லாம நீங்க பின்னால ஓடுனதப் பாத்தேன். வாயத் தொறக்கணும்னா கந்தப்பு டிரெசருகிட்டத்தான்னு அன்னிக்கே மனசுல விழுந்துச்சு. அப்பறம் ஒரு சேதியும் இல்லையா?

ம். வருவாருங்கய்யா. நல்லபடியா வருவாரு.

செம்பன எண்ணெயில கற்பூரம் போட்டதா இது? மூக்க அடைக்குது. தேங்காண்ணெய்க்கு எங்க போறது, இதாச்சும் இருக்கே. அரைப் போத்தல் போதுமாவா? எனக்குன்னா தாராளமாப் போதும். எனக்குத்தான் ஒரு வலியும் இல்லையே, அது நான் படியத் தாண்டுனப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. லாரி வந்த அன்னிக்கு ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஏறிப் படுத்தவரு, எங்க மச்சான், இன்னும் சரியா நின்ன பாடில்ல. போத்தல் நெறைய ஊத்துங்கய்யா. அவருக்குக் கால் நீளம்.