காலிக் கட்டில்

ஆமா சார், அந்தப் போஸ்டர்ல அழுதுக்கிட்டு இருக்கறது நான்தான். அப்படி மாத்தி மாத்திப் பாக்காதீங்க, கூச்சமா இருக்கு. இந்த வருசப் பட விழாவுக்கே நம்ம மூஞ்சிதான். பஸ் ஸ்டாப்புல, லிஃப்ட் கதவுல, நீங்க கழுத்துல மாட்டியிருக்கீங்களே, அந்த அட்டையிலகூட. கீழ என்ன போட்டிருக்கு, படிங்க. உண்மைக்கு ஒரு திரை. நல்லாருக்குல்ல?

அது அழுகையே இல்ல சார். வெங்காயம். நெசமாத்தான். சமையல்கட்டுல நறுக்கிக்கிட்டு இருந்தேன். கத்தி, பலகை எல்லாத்தையும் வெட்டிட்டு மூஞ்சிய மட்டும் வச்சுக்கிட்டான், இப்பப் போடப்போற படத்தோட டைரக்டர். சிரிங்க, சிரிங்க.

பைய அங்கேயே வைங்க, பரவால்ல. ஆனா எனக்கு முன்னாடி மட்டும் உள்ள போயிடாதீங்க. முன் வரிசை ஓரத்துல மூணு சீட்டு வேணும். அண்ணன் கார்ல இருக்கான், கதவு தொறந்ததும் வரச் சொல்லியிருக்கேன். கழுத்து வலிச்சா வலிக்கட்டும் சார், எனக்குப் படமா முக்கியம்? படம் முடிஞ்சதும் அந்த டைரக்டர் மேடையேறி கேள்விக்குப் பதில் சொல்வானாமே, மைக்க முதல்ல அந்த ஓரத்துலதான் குடுக்கறாங்க. நேத்தே வந்து பாத்து வச்சுக்கிட்டேன். அதுக்காக ஒரு படம் முழுசா உக்காந்தேன். ஒரு ஆளு பனியில நடக்கறாரு, நடக்கறாரு, நடந்துக்கிட்டே இருக்காரு. எங்க போறாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. நானும் தட்டுனேன், ஒரு வழியா முடிஞ்சுதேன்னு.

இந்த டைரக்டரா? எங்க வீட்டுல நாலு மாசம் இருந்தவன் சார். அப்ப வேற ஊருல இருந்தோம். அண்ணனுக்கு மாத்தலாகி இங்க வந்தது அவனுக்குத் தெரியாது. போஸ்டர் விழாக்காரங்க அடிச்சது. அவன் இன்னிக்குத்தான் வந்து எறங்கியிருக்கான். அங்கயும் நான் மூக்குக்கண்ணாடிக் கடையிலதான் வேலை பாத்தேன். கண்ணாடி வாங்க வந்தவன்தான். அம்மா குளியலறையில வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஒடைஞ்சு படுத்த படுக்கையா இருந்தாங்க. தொடைச்சு விட்டு, துணி மாத்தி, ஊட்டி விட்டுட்டுக் கடைக்கு ஓடுவேன். அக்கா, ஒரு மக அம்மாவப் பாத்துக்கறத அப்படியே எடுக்கணும்க்கா, நடிப்பே கெடையாது, எல்லாம் உண்மைன்னான். அண்ணன் ரூமையே காலி பண்ணிக் குடுத்தோம். அம்மாவுக்குன்னா தம்பி தம்பின்னு உசுரு. தன் தட்டுல இருக்கறதுல பாதிய அவனுக்குத் தள்ளி வைப்பாங்க.

கடைசி மாசம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். என்னப்பான்னு கேட்டா, படத்துக்கு முடிவு கெடைக்கலக்கான்னான். அப்புறம் ஒரு நாள் கெடைச்சுது. கட்டில் காலியா கெடக்கு. மெத்தையச் சுருட்டி வெயில்ல போட்டிருந்தேன். அதையே அசையாம நின்னு எடுத்திருக்கான். படத்துல அதுக்கு அடுத்து என் வெங்காய மூஞ்சி. அதுக்கு அடுத்து கறுப்புத் திரை, அம்மாவின் நினைவுக்குன்னு வெள்ளை எழுத்து.

ஐயோ, நீங்க ஏன் சார் கண்ணத் தொடைக்கறீங்க? இன்னும் படமே ஆரம்பிக்கல. வெளிநாட்டுல எல்லாரும் எந்திரிச்சு நின்னு மௌனம் அனுசரிச்சாங்களாம். அந்தத் தாய் கடைசியா என் கையத்தான் பிடிச்சுக்கிட்டாங்கன்னு மேடையில தேம்பித் தேம்பி அழுதிருக்கான். பரிசும் வாங்கிக்கிட்டான்.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதா? கடைக்கு வந்த ஒரு அம்மா திடீர்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு, உங்கம்மா போனத நெனைச்சா இன்னும் சோறு எறங்கலம்மாங்கறாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. ஃபோன்ல அந்தப் படத்தப் போட்டுக் காட்டுனாங்க. காலிக் கட்டிலப் பாத்ததும் அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. வாசல்ல நாங்கல்லாம் நிக்கறோம். அண்ணன் விசிலடிக்கறான். அம்மா வாக்கரப் புடிச்சுக்கிட்டு முதல் தடவையா வாசல் வரைக்கும் நடந்து வர்றாங்க. தம்பி எங்க, தம்பியக் கூப்பிடுங்கன்னு தேடுறாங்க. அவன் உள்ள நின்னு காலிக் கட்டிலப் படம் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

ஆமா சார், இருக்காங்க. நல்லா இருக்காங்க.

நல்லான்னா... விழுந்ததுலேருந்து ஞாபகம் கொஞ்சம் முன்னப் பின்ன. வீட்டுல நான் அந்தப் படத்தப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப பின்னாடி வந்து நின்னுட்டாங்க. வாக்கர் சத்தம் என் காதுல விழல. கடைசி எழுத்து வரைக்கும் படிச்சுட்டாங்க. அன்னிலேருந்து தெனமும் கண்ணு முழிச்சதும் கேக்கறது ஒண்ணுதான். ஏண்டி, நான் இருக்கேனா? இருக்கீங்கம்மான்னு சொல்லணும். சொன்னாத்தான் பல்லு வெளக்கவே எந்திரிப்பாங்க.

அண்ணன் வக்கீலப் பாக்கலாம்னான். எதுக்கு? நோட்டீஸ் போனா வீட்டுக்குள்ள உக்காந்து படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுருவான். எனக்கு அவன் மூஞ்சி வேணும் சார். எல்லா லைட்டையும் போட்டு, இத்தனை பேரு பாக்கப் பாக்க அது எப்படி ஆவுதுன்னு நான் பாக்கணும். என் மூஞ்சிய ஊரே பாத்துச்சுல்ல? என்னைப் பெத்தவளச் சாகடிச்சுப் பரிசு வாங்கியிருக்கான்.

நான் எங்க கேக்கப் போறேன்? மைக்க வாங்கி அம்மா கையில குடுத்துருவேன். இன்னிக்குக் காலையிலயும் அதையேதான் கேட்டாங்க. மொதத் தடவையா நான் பதில் சொல்லல. சாயங்காலம் தம்பி வர்றாரும்மா, அவருகிட்டயே கேளுங்கன்னுட்டேன். நாள் முழுக்க ஜன்னலப் பாத்து உக்காந்திருந்தாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

கதவு தொறந்தாச்சு. அதோ வர்றாங்க பாருங்க, அண்ணனுக்கு முன்னாடி, வாக்கரோட. மெதுவா வாங்கம்மா, மெதுவா. சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்ககிட்டயும் கேப்பாங்க. பதில் சொல்லிடாதீங்க.