திறப்பதற்கு முன் தெரிவிக்க வேண்டும்

எனக்குத் தண்ணீர் விஷயத்தில் சுத்தம் கொஞ்சம் அதிகம், சார். கொதித்து ஆறியதைத் தவிர வேறு எதையும் குடிக்க மாட்டேன். நீங்கள் வைத்த இந்தக் கிளாஸைத் தொடாததற்கு அதுதான் காரணம், தவறாக நினைக்க வேண்டாம்.

வட்டகொடைக்கு மேலே இருக்கிற நிலக்கரி யார்டில் சுற்றுச்சூழல் பொறுப்பு என்னுடையது. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளுக்கு லொறிகளில் கரி ஏற்றி அனுப்புகிற இடம். குவியல்மேல் பெய்கிற மழை கறுப்பாக ஓடும். அதை அப்படியே ஓடையில் விடக்கூடாது என்பது சட்டம். குளத்தில் தேக்கி, தூள் அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் விட வேண்டும். குளத்துச் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. பரிசோதனை நாளில் தண்ணீர் அதைத் தாண்டி நின்றால் யார்டை மூடிவிடுவார்கள். நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து மேசை நாற்காலிக்கு வந்தவன். மூடினால் முதலில் போவது என் வேலைதான்.

குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். மழைக்காலத்தில் குளத்தின் அடிக்கதவைத் திறந்து ஓடையில் விடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் நான் மனச்சாட்சி இல்லாதவன் அல்ல. அந்த ஓடையிலிருந்துதான் கீழ் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் குடிதண்ணீர் போகிறது. அதனால் நானே ஓர் ஒழுங்கு வைத்தேன். திறப்பதற்கு முன் வேலாயி அக்காவுக்கு ஃபோன் எடுப்பேன். பீலிக்கு வருகிற குழாயைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வால்வை மூடிவிடுவார், ஓடைப் பக்கம் யாரையும் விடவும் மாட்டார். ஒருநாளும் நான் சொல்லாமல் திறந்ததில்லை.

போன மாதம் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொறியும் வயிற்றோட்டமும் வந்தது. அக்கா யார்டுக்கே வந்துவிட்டார்.

"இனிமே பொறுக்க ஏலாது தம்பி. பரிசோதனைக்கு வர்ற ஆபீசர் மாத்தயாகிட்ட சொல்லப் போறேன். ஒங்க பேரு வராது, கம்பெனியத்தான் சொல்லுவேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. குளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் பெயர் வராமல் கம்பெனி பெயர் மட்டும் எப்படி வரும்? அதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? தணிவாகத்தான் பேசினேன்.

"சும்மா வாயால சொன்னா எடுபடாதுக்கா. அவரு வர்ற அன்னைக்குக் காலையில ஓடைக்குள்ள எறங்கி, குழாய் வாயில படிஞ்சிருக்கிற கரிய ஒரு போத்தல்ல அள்ளிட்டு வாங்க. நானே அவருகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க தண்ணிய தொறந்துற மாட்டீங்களே?"

"ஒங்களுக்குச் சொல்லாம என்னைக்குக்கா தொறந்திருக்கேன்?"

"நீங்க நல்லாருக்கணும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாய் வாய் இருப்பது குளத்துக்கு நேர்கீழே, ஆழமான பள்ளத்தில். இரண்டு பக்கமும் பாறை. அங்கே ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்காது. அது எனக்குத் தெரியும். குழாய் போட்டபோது நானும்தான் இறங்கியிருக்கிறேன்.

பரிசோதனை அன்று விடிந்ததிலிருந்து மழை. சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. அக்கா மழைக்குக் கொங்காணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் போத்தலோடு பள்ளத்துப் பாதையில் இறங்கினார். யார்டு வாசலில் நின்று பார்த்தேன். அவர் அடி வரைக்கும் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு ஃபோன் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சிங்களத்தில் சொன்னது. பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில். மூன்றையும் முழுதாகக் கேட்டேன். பாதியில் வைத்திருந்தால் நான் அழைக்கவே இல்லை என்று சொல்ல இடமாகிவிடும். அதன்பிறகுதான் கதவுச் சக்கரத்தைச் சுற்றினேன். வழக்கமாகக் கால்வாசிதான் திறப்பேன். அன்று முழுதாகத் திறந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி வந்தார். கோட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றதைப் பார்த்து, குளத்தை நன்றாக வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தியில் அக்காவின் மகள் பூரணி ஓடி வந்தாள். "அம்மாவ காணோம்ணே, ஓடைக்குப் போனவங்க இன்னும் வரல." லயத்து ஆட்களோடு நானும் தேடப் போனேன். ஓடையின் கீழ் வளைவில் கல்லிடுக்கில் உயிரில்லாமல் கிடந்தார். முகமெல்லாம் கரி. நான்தான் துடைத்துவிட்டேன். அழுகை வந்தது, அது நடிப்பு இல்லை.

என் ஃபோனில் அந்த அழைப்பு இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். தெரிவிக்க வேண்டியவன் தெரிவித்திருக்கிறேன். அதற்கு மேல், குளத்துக்கரை ஓரத்துக்குப் போனால் பள்ளம் முழுதும் தெரியுமே, திறக்குமுன் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அக்கா அங்கே குனிந்து நிற்பதைப் பார்த்திருந்தால், சக்கரத்தைச் சுற்ற எனக்கு மனசு வந்திருக்காது, சார். அதனால்தான் பார்க்கவில்லை.