கடைசி வரி வரைக்கும் வாசிச்சுட்டா

சிரிக்காதீங்க சார், ஃப்ரேம் நழுவுது... ஆமாமா, ஃப்ரிட்ஜ் கூட வந்த காகிதந்தான். அதுக்கென்ன, எழுத்து எழுத்துதானே? ‘கதவை அடிக்கடி திறக்க வேண்டாம்’ தெரியுதா? நல்லது. அதுக்குக் கீழ? மங்கலா... இருங்க, லென்ஸ மாத்துறேன். பதினெட்டு வருஷமா கண்ணாடிக் கடை வச்சிருக்கேன் சார். வர்றவங்க கையில ஃப்ரிட்ஜ் காகிதத்தக் குடுத்து ‘படிங்க’ன்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டேன். எல்லாம் கவிதையால. என்ன அப்படிப் பாக்குறீங்க? கவிதையாலதான்!

கிட்டப் பார்வைக்குன்னு ஒரு அட்டை உண்டு. மேல பெரிய எழுத்து, கீழ போகப் போகப் பொடி எழுத்து. கம்பெனி குடுத்த அட்டை ஆறு வருஷத்துக்கு முன்னாடி கிழிஞ்சு போச்சு. அச்சாபீஸ்காரர்கிட்ட புதுசா அடிச்சுக் குடுய்யான்னா, ‘மேட்டர் எங்க?’ங்கிறார். மேட்டருக்கு நான் எங்க போக? ஒரு கவிதை இருந்துச்சு, குடுத்தேன். யார் எழுதினதா? யாரோ எழுதினது சார். இப்ப அதா முக்கியம்? தலைய ஆட்டாதீங்க. அஞ்சே வரி.

முதல் பஸ் போனது.
இரண்டாவதும் போனது.
மழை வரும் போல இருக்கிறது.
உன் வீடு தூரம்தான்.
நடந்தே போகலாம், வா.

அவ்ளோதான்! இதுல என்ன இருக்கு, சொல்லுங்க? ஆனா வர்றவங்க பண்ணின கூத்து இருக்கே... நான் ‘கடைசி வரி தெரியுதா’ன்னு கேட்டா, ‘அந்தப் பொண்ணு நடந்து வந்துச்சா’ன்னு என்னையக் கேக்குறாங்க! ஒரு நர்ஸம்மா ஃபோன்ல படம் புடிச்சுக்கிட்டாங்க. மறுபடி கண் காட்ட வந்த தபால்காரர் ஒருத்தர், ஜன்னலப் பாத்துக்கிட்டே அஞ்சு வரியையும் கடகடன்னு சொல்லிட்டார். அட்டை இன்னும் என் கையில இருக்கு சார்! அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். எங்க உறைச்சுது? நல்ல ஞாபக சக்தின்னு பாராட்டி அனுப்பினேன்.

எனக்கும் கவிதைக்கும் பள்ளிக்கூடத்துலயே ஒத்துவராது. ‘அடிபிறழாமல் எழுதுக’ன்னு ஒரு கேள்வி வருமே, அஞ்சு மார்க்குக்கு... காலையில மனப்பாடம் பண்ணினது மத்தியானம் பரீட்சை மணி அடிக்கிறப்பவே காத்தோட போயிரும். எங்க வாத்தியார் வேற, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ ‘இதனால் அறியப்படும் கருத்து யாது’ன்னு எழுத வைப்பார். எழுதி எழுதி, கருத்து இல்லாட்டி அது கவிதையே இல்லன்னு மண்டையில பதிஞ்சு போச்சு. அந்த நெனப்புதான் சார் போன மாசம் என்னைக் கவுத்துச்சு.

அழுக்கான அட்டைய மாத்தலாம்னு மறுபடி அச்சுக்குக் குடுக்குறப்போ, படிச்சுப் பாத்தேன். என்னடா இது, நடந்தே போகலாம்னு முடியுது, கருத்து எங்கன்னு தோணுச்சு. கடைசி வரிய அடிச்சுட்டு, ‘நேரம் தவறாமையே நாட்டின் உயர்வு’ன்னு போட்டேன். எப்படி? அச்சாபீஸ்காரர் கையக் குலுக்கினார் சார்!

இப்ப வலது கண்ண மூடுங்க. ம்... எங்க விட்டேன்? எங்க வீட்டம்மா. அவளுக்கு வருஷா வருஷம் நான்தான் கண்ணு பாக்குறது. வருஷா வருஷம் அட்டையக் குடுப்பேன், கடைசி வரி வரைக்கும் தடுக்காம வாசிச்சுருவா. கண்ணு அருமையா இருக்குன்னு எழுதி மூடிருவேன். ஆனா வீட்டுல பாத்தா, எல்லாம் தப்புத் தப்பா பண்றா! எனக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் குழாய் ரிப்பேர்க்காரருக்குப் போகுது. ‘சீக்கிரம் வாங்க, தனியா இருக்கேன்’னு... அந்த மனுஷன் அரண்டு போய் அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறார்! முட்டி வலிக்குத் தடவுற களிம்ப பல் தேய்க்கிற இடத்துல வச்சுட்டா. நானும் தேச்சுட்டேன் சார். ரெண்டு நாள் வாய் தீயா எரிஞ்சுது. நான் சும்மா இருப்பேனா? ‘கண்ணுல கோளாறு இல்ல, கவனத்துலதான் கோளாறு’ன்னு மச்சான்கிட்ட, மச்சினிகிட்ட, பொண்ணுகிட்ட, ஒருத்தர் விடாம சொல்லி வச்சேன்.

போன வெள்ளிக்கிழமை அவளை இதே நாற்காலியில உக்கார வச்சு, புது அட்டையக் குடுத்தேன். வாசிக்கிறா. முதல் பஸ் போனது... சரி. இரண்டாவதும்... சரி. கடைசி வரிக்கு வந்து, ‘நடந்தே போகலாம், வா’ங்கிறா!

நல்லாப் பாத்து வாசின்னேன். பாத்துத்தானே வாசிக்கிறேன்னா. மறுபடி அதே ‘வா’! அப்பத்தான் கண்ணுக்குப் பட்ட இந்த ஃப்ரிட்ஜ் காகிதத்த எடுத்து நீட்டினேன். தலைப்பத் தாண்டல. அதுக்குக் கீழ ஒரு எழுத்து தெரியல அவளுக்கு!

அப்ப ஆறு வருஷமா எப்படிடி வாசிச்சேன்னு கேட்டா, ‘எனக்கு வந்த கடுதாசிய வாசிக்க எனக்குக் கண்ணு வேணுமாங்க?’ங்கிறா.

ஆமா சார். எழுதினது நான்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதி அவ கையில குடுத்தேன். டிக்கெட் எப்பவோ தொலைஞ்சு போச்சு. அப்புறம் நான் அதப் பத்தி யோசிச்சதுகூட இல்ல. அச்சாபீஸ்காரர் மேட்டர் கேட்டப்போ நாலு வரிதான் ஞாபகம் வந்துச்சு. அஞ்சாவது வரிய அவகிட்டத்தான் கேட்டு எழுதிக்கிட்டேன்... அப்பகூட எனக்கு எட்டல பாருங்க. அஞ்சு மார்க்குக்கு ஒருநாள்கூடத் தாங்காத மண்டை இது. மார்க்கே இல்லாத ஒண்ண அவ இத்தன வருஷம் அடிபிறழாம வச்சிருக்கா!

சொல்லவே வெக்கமா இருக்கு சார். வாரத்துக்கு ஒரு நாவல் முடிக்கிறவ, ரெண்டு வருஷமா புஸ்தகத்தையே தொடல. நான் டி.வி. மோகம்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன். அவளோ, ‘நீங்கதானே கண்ணு நல்லாருக்குன்னு சொன்னீங்க? மூளைதான் மழுங்கிப் போச்சுன்னு நெனச்சு பயந்துக்கிட்டே இருந்தேன்’னு சொல்றா. அந்தப் பயத்த உண்டாக்கினது நான். ஊரு கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போட்டுட்டு, வீட்டுக் கண்ண ரெண்டு வருஷம் இருட்டுல வச்சிருந்தவன் நான்.

ரெண்டு பவர். நேத்துத்தான் கண்ணாடிய மாட்டி விட்டேன். நேரா புஸ்தகத்த எடுப்பான்னு பாத்தா, அட்டையத்தான் எடுத்தா. மேலேர்ந்து கீழ ஒவ்வொரு வரியா, வாய் அசையாம படிச்சுக்கிட்டே வந்தா. கடைசி வரியில நின்னுட்டா. கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க...

‘ஏங்க, அன்னிக்கு இதை எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா, நான் பேசாம அடுத்த பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன்’னுட்டா.