மச்சான் சிரித்தார்

உங்கள் ஸ்டேஷன் கேன்டீனில் பால் விடாத தே ஓ டீ நன்றாகப் போடுகிறார்கள், இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் தூக்கல். எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மச்சான் கமலநாதன் இறந்துபோன விஷயம். என் அக்காவின் வீட்டுக்காரர். நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், மிளகாய் நெடி ஏறி இருமினார், கட்டியிருந்த நெஞ்செலும்பு விட்டுப்போய் இறந்தார் என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அக்கா அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மிளகாய் வறுத்த குவாலிச் சட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டு, "நான்தான் அவரைக் கொன்னுட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. செய்யாத காரியத்துக்கு அவள் பெயர் எடுப்பது நியாயமும் இல்லை.

மடியில் என்ன என்று பார்க்கிறீர்கள். தலையணைதான். சிவப்புத் துணி, இதய வடிவம், உள்ளே பஞ்சு. மச்சானுடையது. நினைவாக வைத்துக்கொள் என்று அக்காவே கொடுத்தாள். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது.

என் பெயர் குணாளன். எங்கள் ஊர் மாசாயில் 'சிரிப்பு குணா' என்றால் நாசி லெமாக் சோறு விற்கிற மலாய் மக்சிக்குக்கூடத் தெரியும். பகலில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சனி ஞாயிறு வந்தால் கல்யாணமோ காதுகுத்தோ, மைக் என் கையில்தான். ஒரு தடவை மாப்பிள்ளையின் பெரியப்பா மாலை மரியாதை சரியில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வாசலில் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் மைக்கிலேயே சிரிக்க வைத்துத் திருப்பிக் கூட்டி வந்து பந்தியில் உட்கார வைத்தேன். அந்தப் பெரியப்பா இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

மச்சான் மட்டும் சிரிக்க மாட்டார். அக்கா கல்யாணத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவது பெண்ணின் தம்பிக்கு உள்ள உரிமை. அக்காவையே தூக்கிக் கொடுக்கிறோம், அதுகூட இல்லையென்றால் எப்படி? மைக்கை வாங்கி ஒன்று எடுத்து விட்டேன். மண்டபமே அதிர்ந்தது. ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அப்புறம்?"

கதை முடிந்த இடத்தில் 'அப்புறம்?' என்று ஒருவர் கேட்டால், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது, சொல்லுங்கள். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து இருபது இருபத்தைந்து வருடம். தீபாவளிக்கு ஒரு கதை சொன்னால் 'அப்புறம்?' பிள்ளைகள் பிறந்தநாளுக்குச் சொன்னால் 'அப்புறம்?' ஆனால் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். என் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் காரில் ஏற்றி யோங் பெங் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவார். முன் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை பார்ப்பார். சுற்றிலும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவர் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். திரும்பும்போது காரில், "ரசத்துல உப்பு கம்மி" என்பார். உம்மணாமூஞ்சி. ஆயிரம் பேர் சிரித்தாலும் எனக்கு அந்த ஒரு மூஞ்சிதான் தெரியும்.

சரி, தலையணைக்கு வருகிறேன். மாசாயில் அந்தோணியம்மாள் டீச்சர் வீட்டில் சில பெண்கள் கூடி இவற்றைத் தைக்கிறார்கள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சும்மா கொடுப்பது. பிளந்த எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். அது கூடும் வரை, இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் இதை நெஞ்சோடு அணைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வலி உயிர் போகும், கட்டும் விட்டுவிடலாம். வேன் வைத்திருக்கிறவன் நான் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. வாய் வைத்திருக்கிறவனும் நான் என்பதால், எப்படிப் பிடிப்பது என்று செய்துகாட்டும் வேலையும் வந்தது.

"இருமல் வந்தா கட்டிப்பிடிங்க. தும்மல் வந்தா கட்டிப்பிடிங்க. சிரிப்பு வந்தா இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடிங்க. வீட்டுக்காரம்மா வந்தா, தலகாணியை ஓரமா வச்சுட்டு அவங்களைக் கட்டிப்பிடிங்க, ஆனா மெதுவா." இதற்கே வார்டு ஆடிப்போகும்.

அப்படி ஒரு சபையை நான் கண்டதில்லை, இன்ஸ்பெக்டர். எழுந்து போக மாட்டார்கள். போனை நோண்ட மாட்டார்கள். செத்துப் பிழைத்தவர்களுக்குச் சிரிப்பு தொட்டால் வரும். ஒவ்வொரு தடவையும் பறந்துகொண்டேதான் வீட்டுக்கு வருவேன்.

அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். தலையணையைக் கொடுத்துவிட்டுக் கதை சொன்னால், கட்டிக்கொண்டு சௌகரியமாகச் சிரிக்கிறார்கள். அது மனதாரச் சிரிப்பதா, மரியாதைக்குச் சிரிப்பதா, எப்படித் தெரியும்? தலையணையை என் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் தெரியும். நிஜமாகச் சிரிப்பு முட்டுகிறவர் என் பக்கம் கையை நீட்டிவிடுவார். மரியாதைச் சிரிப்புக்குக் கை நீளாது. கல்யாண மண்டபத்தில் இந்த நேர்மையை எங்கே போய்த் தேடுவது? கை நீண்ட கதைகளை மட்டும் வைத்துக்கொண்டேன், மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த வருடம் என் நிகழ்ச்சிகள் எப்படிக் களை கட்டின என்று ஊரில் விசாரியுங்கள்.

கை நீண்டதும் தலையணையைக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும்.

செடெனாக்கிலிருந்து வந்த மரியநாதன் என்ற பெரியவர் கையை நீட்டியபோது, கதையில் கடைசி வரி பாக்கி இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினால் கதை நாசமாகிவிடும். சொல்லி முடித்தேன். பிரமாதமாகச் சிரித்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மறுபடியும் ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வார்டில் ரூபினி என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி, நம் பிள்ளைதான், என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"அங்கிள், முதல்ல தலகாணியைக் குடுத்துட்டுப் பேசுங்க லா. கம்பி அறுந்து உள்ள குத்துச்சுன்னா ஆளே போயிடுவாங்க."

"சரி மிஸ்ஸி," என்றேன்.

நல்ல பிள்ளை. எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது பாருங்கள். மரியநாதன் பிழைத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், விசாரிக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைத் தனியாக எடுத்து வைத்தேன். அதுதான் ரோட்டு ஜேம் கதை.

பிறகுதான் மச்சானுக்கு நெஞ்சு அடைத்தது. ஆபரேஷன் அறை வாசலில் அக்காவோடு உட்கார்ந்து நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பொய்யில்லை. முருகா, ஆளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு, காவடி எடுக்கிறேன் என்று வேண்டினேன். செத்துப்போனால் எப்படிச் சிரிப்பார்?

முருகன் கொடுத்துவிட்டான். மச்சானுக்குச் சர்க்கரை வேறு. எலும்பு கூட நாளாகும், தலையணை கைக்கெட்டும் தூரத்தைவிட்டுப் போகக்கூடாது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னபோது பக்கத்தில் நானும் இருந்தேன். இருந்ததிலேயே நல்ல தலையணையாகப் பொறுக்கி நானே அவர் கையில் கொடுத்தேன். "தேங்க்ஸ் குணா," என்றார். அவர் என்னிடம் தேங்க்ஸ் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையணை பக்கத்து நாற்காலியில் இருந்தது. சமையலறையில் அக்கா ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள்.

"வா குணா. இருந்து சாப்பிட்டுப் போ. எத்தனை நாளைக்குக் கஞ்சியே குடிக்கிறதுன்னு உங்க அக்காவை நெத்திலி சம்பல் பண்ணச் சொல்லிருக்கேன்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையணையின் மேல். ஹாலில் வேறு நாற்காலிகளும் இருந்தன.

"குணா, தலகாணி மேல உக்காந்திருக்கே பாரு."

"இருக்கட்டும் மச்சான். ஒரு கதை சொல்றேன், கேளுங்க."

"கதையெல்லாம் கேக்குறேன். முதல்ல அதை எடுத்துக் குடு."

"ரெண்டே நிமிஷம் மச்சான்."

உங்களுக்கும் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். அப்போதுதான் உங்களுக்கு நிலைமை புரியும். அவருக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"ஜோகூர் பாலத்துக்குப் போற ரோட்டுல ஒருத்தரு ஜேம்ல மாட்டிக்கிட்டாரு. ஓரமா ஒரு கல்யாண மண்டபம். வண்டிதான் நகரலையேன்னு இறங்கிப் போயி ஒரு பந்தி சாப்பிட்டாரு. வந்து பாத்தா முன்னால நின்ன லாரி அங்கியே நிக்குது. திரும்பப் போயி பொண்ணு மாப்பிள்ளைகூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. லாரி அங்கியே நிக்குது. பொண்ணை அனுப்பி வைக்கிறப்ப அம்மாக்காரி அழுதாங்க, இவரும் கூட நின்னு அழுதாரு. லாரி நகரலை. கடைசியில அந்தப் பொண்ணு பிள்ளை பெத்து, பேர் வைக்கிற விசேஷம். முன் வரிசையில இவரு, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. 'ஐயா, நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?'ன்னு கேட்டாங்க. 'ரெண்டும் இல்லீங்க. அந்த லாரி மட்டும் கொஞ்சம் நகரட்டும், நான் கிளம்பிடுறேன்'னாரு."

நீங்கள் 'அப்புறம்?' என்கிறீர்கள்.

பரவாயில்லை. விசாரிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். நான் இந்தத் தலையணையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேனே தவிர, மனதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், கதையின் நடுவிலேயே, லாரி இரண்டாவது தடவை நிற்கும் இடத்திலேயே, மச்சானின் முகம் சிவக்க ஆரம்பித்தது. உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரமே வாசித்தது, இன்ஸ்பெக்டர். பேர் வைக்கும் விசேஷத்துக்கு வரும்போது இரண்டு கையும் என் பக்கம் நீண்டுவிட்டன. வார்டில் யாருக்கும் இரண்டு கை நீண்டதில்லை. "குடு, குடு" என்றார். நான் கடைசி வரியைச் சொன்னேன்.

அவர் அப்படியே முன்னால் மடங்கினார். ஒரு பெரிய சத்தம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு சின்னச் சத்தமும் கேட்டது, சுள்ளி முறிகிற மாதிரி. நான் உடனே எழுந்திருக்கவில்லை. சிரிப்பு வரும்போது நடுவில் புகாமல் அது அடங்கும் வரை இடம் விட்டு நிற்பது எங்கள் தொழில் பழக்கம். அடங்கியது. அதன் பிறகுதான் எழுந்து, தலையணையை அவர் மடியில் வைத்து, கைகளையும் எடுத்து அதன்மேல் வைத்தேன். அக்கா ஓடி வந்து பார்த்தபோது அவர் அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அதனால்தான் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை.

அக்கா இருமிக்கொண்டேதான் ஓடி வந்தாள். எனக்கும் தொண்டை கமறியது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனைகூடத் தும்மிவிட்டு ஓடியது. அது வேறு விஷயம். போய் உட்காருவதற்கு முன் சமையலறைக் கதவை நான் சாத்தியிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே பிழை அதுதான். கதவைச் சாத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. அந்தப் பெயரும் மிளகாய்க்குப் போயிருக்காது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு ஒன்று சொன்னாள்.

"தம்பி, நீ வந்துட்டுப் போனதும் உன் கதையை அப்படியே நடிச்சுக் காட்டிச் சிரிப்பாருடா. காரை நிறுத்திட்டு உள்ள வர்றதுக்குள்ளயே ஆரம்பிச்சுடுவாரு. நான் போதும் போதும்னு கெஞ்சணும். அப்படிச் சிரிப்பாரு. 'உன் தம்பி முன்னால சிரிச்சா அவனுக்குத் தலைகால் புரியாது'ன்னு சொல்லித்தான் உன்கிட்ட அடக்கிக்குவாரு."

துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படி எதையாவது சொல்வார்கள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்படியே உண்மையாக இருந்தாலும், நான் பார்க்காத சிரிப்பு எனக்கு எதற்கு?

நான் பார்த்த சிரிப்பு ஒன்று இருக்கிறது. அது போதும். சாட்சி வேண்டுமென்றால் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கதை முடிந்ததும் அவர் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலையணையின் மேல் உட்கார்ந்தவன் நான். கம்பி அறுந்தால் ஆள் போய்விடும் என்று தெரிந்தவன் நான். இரண்டு கையும் நீண்டதைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்காதவன் நான். கொலை என்று எழுதுவதானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இருமினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.