கோழி கேட்காத வண்டி

டீ வேண்டாங்கய்யா, தண்ணி மட்டும் குடுங்க. மாரண்டஹள்ளியில இருந்து பாலக்கோடு வரைக்கும் நடந்தே வந்தேன். அங்க பஸ் ஏறினா, கரி நனைஞ்சு போய் கேஸ் பிடிக்கவே முக்கா மணி நேரம் ஆயிடுச்சு. ஹிட்லர் சண்டை முடிஞ்சு ஒரு வருசம் ஆவுது, பெட்ரோல் தட்டுப்பாடு தீரலை, இன்னும் பஸ் முதுகுல கரி அடுப்பைக் கட்டி அந்தக் கேஸ்லதான் ஓட்டறோம். மழைக்காலத்துல கரியை மூடி வைக்கணும்னு அந்த டிரைவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை போல. கடைசியில நானே எறங்கிப் பத்த வச்சேன்.

என் பேரு மாரப்பன். தர்மபுரியில மோட்டார் ரிப்பேர் வேலை. மாரண்டஹள்ளி காய்கறி மண்டி கிருஷ்ணப்பன் செத்ததைப் பத்திச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். பத்து நாளைக்கு முன்னாடி, ராயக்கோட்டை ஏத்தத்துல, வண்டி பின்னால உருண்டு செத்தாரே, அவரேதான். வண்டியில கூட இருந்தது நான். விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க. ஆனா நாளைக்குக் காலையில அந்த வண்டியை ஒடைக்கப் போறாங்க. அதுக்குள்ள நான் பேசி முடிக்கணும், அதனால மொதல்ல இருந்தே சொல்றேன்.

அது ரெண்டு பேர் மட்டும் உட்கார்ற சீமைக் காருங்க. மேல கூரை கிடையாது, மூஞ்சி நீளம், பந்தயத்துல ஓடறதுக்குன்னே செஞ்சது. ரோடு போட வந்த ஒரு துரை வச்சிருந்தாரு. இருபத்தி ரெண்டுல ஊருக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கறேன்னு கிருஷ்ணப்பனோட அப்பாகிட்ட விட்டுட்டுப் போனவரு, வரவே இல்லை. வண்டி புளிக் கொட்டாய்ல கெடந்துச்சு. நாப்பத்தி மூணுல கிருஷ்ணப்பன் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினாரு. புளி மூட்டைக்கு நடுவுல, மேல சாக்கு போட்டு, சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டு, சக்கரம் நாலும் மண்ணுல எறங்கி நின்னுச்சு. இருபத்தோரு வருசம். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க. மனுசங்களுக்குன்னு நான் சுலபத்துல அழறவன் இல்லை.

இதை ஓட வைக்க முடியுமா மாரப்பான்னு கேட்டாரு. ஓட வைக்கலாம், ஆனா இருந்த மாதிரியே செய்யணும், ஒண்ணும் மாத்தக் கூடாது, சம்மதமான்னு கேட்டேன். சம்மதம்னாரு. அந்த வார்த்தையை நீங்க ஞாபகம் வச்சுக்கணும்.

மூணு வருசம் ஆச்சு. எஞ்சின் இறுகிப் போயிருந்துச்சு. வெளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊத்தி, தெனமும் காலையில கையால ஒரு நூல் அளவு அசைச்சுப் பார்ப்பேன். பன்னெண்டாம் நாள் அசைஞ்சுது. அவசரப்பட்டு சுத்தியலால அடிக்கறவங்களும் இந்தத் தொழில்ல இருக்காங்க, அவங்களைப் பத்திப் பேச வேண்டாம். உள்மரம் பூராவும் கரையான் தின்னுடுச்சு. சித்தேரி மலை ஆளுங்ககிட்டச் சொல்லி வேங்கை மரம் வாங்கி எழைச்சேன். பக்ருதீன் பாய் சீட்டு தச்சுக் குடுத்தாரு. வெயில் படாத ஒரு மூலையில பழைய பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, மாதுளை முத்து நெறம். அதே நெறம் வர்றதுக்கு ஒம்பது தரம் கலக்கினேன். என் சம்சாரம் நடுவுல கோவிச்சுக்கிட்டு அவங்க ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா. அது ஒரு வகையில சௌகரியமாப் போச்சு, பாகங்களைப் பரப்பி வைக்க உள்ரூம் கெடச்சுது.

ஆடி முடிஞ்சதும் ஒரு நல்ல நாள் பார்த்து வண்டியை வெளிய எடுத்தோம். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், புது வண்டின்னா முனியப்பன் முன்னாடி கோழியைக் காவு குடுத்து, அந்த ரத்தத்துல சக்கரம் ஏத்தித்தான் எடுப்பாங்க. கிருஷ்ணப்பன் சம்சாரம் சின்னம்மா சேவலோட வந்து நின்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். பெயிண்ட் முழுசாக் காயலை, ரத்தம் தெறிச்சா ஒட்டிக்கும், எறகும் ஒட்டிக்கும். எலுமிச்சம்பழம் போதும்னேன். அந்தம்மாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. கிருஷ்ணப்பன் சிரிச்சுக்கிட்டே, வுடு சின்னம்மா, கோழியை நாம தின்னலாம்னாரு. அப்படிப்பட்ட நல்ல மனுசன். அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க, இப்பவும் இல்லை.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஓசூர் வரைக்கும் போலாம்னு கெளம்பினோம். மேடு வந்தா கியர் மாத்த அவருக்கு வராது, அதனால நான் ஓட்டினேன். வண்டி பஞ்சு மாதிரி போச்சு. ராயக்கோட்டை கிட்ட வர்றப்பத்தான் சாவகாசமாச் சொன்னாரு.

"ஓசூர்ல ஆசாரிகிட்ட சொல்லியிருக்கேன் மாரப்பா. சீட்டுக்குப் பின்னால வெட்டி எடுத்துட்டு, நீளமா பலகை அடிச்சா பதினஞ்சு கூடை தக்காளி ஏத்தலாம்கறான். லாரி எங்க கெடைக்குது இப்ப."

வெட்டி எடுக்கணுங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு. கொஞ்ச தூரம் போய், யோசிச்சுப் பார்த்தீங்களான்னு கேட்டேன். யோசிச்சாச்சுன்னாரு. மூணாவது தரமும் கேட்டேன்.

"யோவ், நீ ஏன்யா மூஞ்சியத் தூக்கறே. நீதானே டிரைவர், காலத்துக்கும் நீயே ஓட்டு" அப்படின்னு என் தோள்ல தட்டினாரு.

ஒரு மனுசனை மூணு தரத்துக்கு மேல கேட்கறது மரியாதை இல்லை. நான் அதோட வுட்டுட்டேன்.

பாதி ஏத்தத்துல எஞ்சின் தண்ணி கொதிச்சுது. பழைய வண்டிக்கு அது சகஜம், நிறுத்தி ஆற வைக்கணும். ஏத்தத்துல நிறுத்தினா ஒருத்தன் பிரேக்குல கால் வச்சு உட்காரணும், இன்னொருத்தன் எறங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில கல்லு வைக்கணும். லாரியா இருந்தா கிளீனர் எறங்குவான். அன்னைக்கு ரெண்டே பேரு. நான் ஸ்டியரிங்ல இருந்ததால அவரு எறங்கினாரு. பெரிய மண்டிக்காரரு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கல்லைத் தூக்கிக்கிட்டு வந்து பின்னாடி குனிஞ்சாரு. அவருக்குப் பின்னால பாறை. வண்டி ஒரு ஆள் நீளம் உருண்டுச்சு, அவ்வளவுதான். சத்தம் கூட பெருசா வரலை.

பின்னாடி மாட்டியிருந்த ஸ்டெப்னி சக்கரத்துல மூணு கம்பி வளைஞ்சுது. சாயங்காலம் அவங்க பாடை கட்டிக்கிட்டு இருக்கறப்பவே நான் மூணையும் மாத்திட்டேன். வளைஞ்ச கம்பியோட ராத்திரி வுட்டா பக்கத்துக் கம்பியும் தளர்ந்துடும்.

அதோட முடிஞ்சிருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கலை. பாவம், மாரப்பன் மனசு ஒடைஞ்சு போய்ட்டான்னு எனக்கு சோறு போட்டாங்க. ஆனா அஞ்சாம் நாள்ல இருந்து பேச்சு வேற மாதிரி ஆச்சு. வண்டி கோழி கேட்டுச்சு, குடுக்கலை, அதனால ஆளையே எடுத்துக்குச்சுன்னு ஊரே சொல்லுது. சின்னம்மா அழுது அழுது அதையேதான் சொல்றாங்க. காவு வாங்கின வண்டி வூட்ல இருந்தா அடுத்தது புள்ளைங்களைத்தான் கேட்குமாம். இன்னும் சில பேரு, பிரேக்கு போயிருக்கும், கரையான் தின்ன வண்டிதானேன்னு சொல்றாங்க. மூணு வருசம் நான் செஞ்ச வேலையைப் பார்த்துட்டு அப்படிச் சொல்றாங்க.

நேத்து சின்னம்மா கால்ல வுழுந்து கேட்டேன். என்கிட்டயே குடுத்துடுங்க, தர்மபுரிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடறேன்னு. அந்தம்மா என் தலையைத் தொட்டுச் சொன்னாங்க.

"வேண்டாம் சாமி. அது உன்னையும் தின்னுடும். உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

நாளைக்குக் காலையில கடப்பாரையோட எட்டு பேரு வர்றாங்க. ஒடைச்சு, கல்லாங்குழியில போட்டு, மண்ணு தள்ளிடுவாங்களாம்.

ராத்திரி பூரா யோசிச்சேன். விபத்துன்னா வண்டி அவங்க சொத்து, எப்படி வேணா பண்ணலாம். கொலைன்னா அது கேசுல சேர்ந்த பொருள். சர்க்காரு முத்திரை வச்சுடும், தீர்ப்பு வர்ற வரைக்கும் எவனும் தொட முடியாது. ஒரு வக்கீல் குமாஸ்தாகிட்டக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்.

அதனால இப்ப நீங்க எழுதலாம். கால் பிரேக்கு நல்லா இருந்துச்சு. கை பிரேக்கும் நல்லா இருந்துச்சு. வண்டியை எந்த ஏத்தத்துல வேணாலும் நிறுத்திப் பாருங்க, ஒரு அங்குலம் நகராது. கிருஷ்ணப்பன் குனிஞ்சு, சக்கரத்துக்கு நேரா கல்லை வச்சுக்கிட்டு இருந்தாரு. கண்ணாடியில நல்லாப் பார்த்தேன். பார்த்துட்டு, கை பிரேக்கை எறக்கினேன், காலை எடுத்தேன்.

கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கான்ஸ்டபிளை மாரண்டஹள்ளிக்கு அனுப்பிடுங்கய்யா, மழை வர்ற மாதிரி இருக்கு, தார்ப்பாய் ஒண்ணும் குடுத்து அனுப்புங்க. அந்த வண்டி என்னங்க தப்பு பண்ணுச்சு.