காசிக்குப் போகும் கலயம்

— கலயத்தைக் கீழே வை, கிரி. துணியை அவிழ்க்கணும்.

— எதுக்குக்கா? நாலு மணிக்கு டாக்சி வந்துடும். ஹௌரா போறதுக்குள்ள பாலத்துல ஒரு மணி நேரம் நிக்கணும்...

— நிக்கட்டும். பெத்தவளோட அஸ்தி. காசிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்கப்படாதா?

— பொம்மனாட்டிகள் பார்க்கற வழக்கம் நம்மாத்துல இல்லை. தவிர, நீ கையில கட்டோட... பால் பாத்திரம் சுட்டதே இன்னும் ஆறலை.

— முடிச்சை அவிழ்க்க இடது கை போதும்.

— பிடிவாதம் பண்ணாதே. சாஸ்திரம்னு ஒண்ணு...

— அதைத்தான் அன்னிக்கும் சொன்னே. "நீ சுடுகாட்டுக்கு வரப்படாது, பிள்ளை நான் இருக்கேன்." முப்பத்திரண்டு வருஷம் காலேஜ்ல சரித்திரப் பாடம் நடத்தினவளுக்கு, போர்ட் ஆபீஸ் குமாஸ்தா சாஸ்திரம் சொல்றான்!

— சூப்பிரண்டெண்ட்.

— சரி, கேளு, சூப்பிரண்டெண்ட். பழைய ரோமாபுரியில சிதை அணைஞ்சதும், எலும்பைத் திராட்சை ரசம் விட்டு நனைச்சு, பெத்த தாயே மடியில பொறுக்கிப்பா. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

— அது ரோம். நாம கும்பகோணம்.

— அவ்வளவு தூரம் போவானேன்? இதே வங்காளத்துல, இருநூறு வருஷம் முன்னாடி வரைக்கும், புருஷன் சிதையில பொண்டாட்டியை உயிரோட ஏத்தினா. எரியறதுக்கு மட்டும் பொம்மனாட்டி வரலாம், நின்னு பார்க்கறதுக்கு வரப்படாது! என்ன நியாயம்டா உங்க நியாயம்?

— பேசாம... இங்கேயே பாபுகாட் படித்துறையில கரைச்சுடலாமா? அதுவும் கங்கைதானே.

— பதிமூணு நாளா "காசி, காசி"ன்னு லேக் கார்டன்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடிச்சே. இப்போ பாபுகாட்டா? ஏன் இப்படி வேர்க்கறது?

— புழுக்கம்.

— ஜனவரியிலயா?

— அக்கா, வேண்டாம்... அவிழ்க்காதே...

— ஆச்சு. இது என்னடா?

— அம்மா.

— அம்மாவா? கறுப்பா, பொத்தல் பொத்தலா... எரிஞ்ச எலும்பு வெள்ளையா இருக்கும், கிரி. இது நிலக்கரிக் கிட்டம். இதோ, ஒட்டிண்டு டீத்தூள் வேற!

— மூடுக்கா... துணியைக் கட்டிடு.

— அம்மா எரிஞ்சது எலெக்ட்ரிக் உலையில. அங்கே கரி ஏது? டீத்தூள் ஏது?

— வாசல்ல ஒரு டீக்கடை... அவன் அடுப்புலேந்து அள்ளினேன்.

— ம். மேலே சொல்லு.

— உலைக்காரன் அந்த இரும்புக் கதவைத் தூக்கினான் பாரு... உள்ளே ஒரே சிவப்பு. அம்மா தலைமுடி, சட்டுனு... என்னால முடியலைக்கா. கூட வந்தவாளை அனுப்பிட்டு ஓடிட்டேன். ரெண்டு மணி நேரம் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வந்து எலும்பு பொறுக்கலாம், நம்ம ஊர்ல அப்படித்தானேன்னு நினைச்சேன்.

— இது நம்ம ஊரா?

— இங்கே எரியாம மிஞ்சற நாபியைக் களிமண்ல பொதிஞ்சு, அப்பவே கொடுத்து, அப்பவே தண்ணியில விடச் சொல்லுவாளாம். எனக்குத் தெரியலை. மறுநாள் திரும்பிப் போனா, உலைக்காரன் "நாபி போயாச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த பிணத்துக்குப் போயிட்டான்.

— பலே! வெறுங்கையோட வர வெட்கம். டீக்கடை அடுப்புச் சாம்பலுக்குப் பட்டுத்துணி, துளசி, சந்தனம். ஊரே வந்து விழுந்து நமஸ்காரம் பண்ணித்து, அதுக்கு!

— என்ன வேணா திட்டு. பதிமூணு நாளா நான் தூங்கலை. யார் எடுத்தாளோ, எந்தக் குப்பையில கொட்டினாளோ... அம்மா எங்கேன்னு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா.

— காசி வரைக்கும் கூசாம போவியா, நடுவுல வாயைத் திறப்பியான்னு பார்த்தேன்.

— பார்த்தியா? அப்போ உனக்கு முன்னாடியே...

— "ஜகதாம்பாள் வீட்டுக்காரா யாரு?"ன்னு மூணு தடவை கத்தினான். சாஸ்திரம் சொன்ன பிள்ளையைக் காணோம். நாலாவது தடவை, கேட்டண்டை முக்காடு போட்டுண்டு நின்னவ போய்க் கை நீட்டினா. நாபி வச்ச சட்டி கொதிச்சுது. கீழே வைக்கப்படாதுன்னான், வைக்கலை. படி இறங்கி, சுடுகாட்டை ஒட்டி ஓடற ஆதி கங்கையில விட்டா, திரும்பிப் பார்க்காம ஏறி வந்தா... இந்தக் கையைப் பால் பாத்திரம் சுடலைடா, கிரி.