கொடிக்கால் வரப்பில் கிடந்த செருப்பு

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுத உட்கார்ந்தது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னமனூரிலிருந்து தேனி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தது இது. பெரியவரின் சட்டைப்பையில் போன் விடாமல் ஒலித்தது.

“எடுங்க மச்சான்” என்றார் பக்கத்தில் இருந்த இளையவர்.

“வேணாம் மாப்ள. என் காலுதான் கூப்பிடுது.”

“அப்ப கைக்கும் ஒரு நம்பர் வாங்கிருங்க.”

“சிரிக்காத. சுகர்ல பாதம் மரத்துப்போச்சு. ஆனா தெனமும் நடக்கணும்னு டாக்டரு சொன்னாக. அதான் மக இந்த மெஷின் வச்ச செருப்ப அனுப்புனா. பாதத்துல ஒரே எடம் ரொம்ப அழுந்துனா போன்ல சத்தம் குடுக்கும். இன்னைக்குக் காலையில போட்டதுல இருந்து கத்துது. கெட்டுப்போச்சு போல. தேனியில குடுத்துப் பாக்கணும்.”

“நேத்து கத்தலையா?”

“நேத்து பூராம் வெத்தலைக் கொடிக்கால்ல நடந்தேன். செருப்பு வரப்புல கெடந்துச்சு.”

“நடக்கத்தான மச்சான் அத வாங்குனது?”

“வெத்தலைக் கொடிக்குள்ள எவனாச்சும் செருப்போட போவானா?”

இளையவர் குனிந்து பெரியவரின் வலது செருப்பைக் கழற்றினார். வெற்றிலைக் கொடி படர நடும் அகத்தியின் குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறி முறிந்திருந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது.

“வலிக்கலையா மச்சான்?”

“எங்கன மாப்ள?”

மறுநாள் அதே பஸ்ஸில் இளையவர் மட்டும் வந்தார். மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதாகவும் யாரிடமோ போனில் சொன்னார். செருப்பில் பழுது எதுவும் இல்லையாம்.